காலியாக விடவேண்டிய இரண்டு ஜிகாபைட்

லியபாயா துறைமுகத்தில்
கோதுமை லாரிகளை நிறுக்கும் கூண்டு எங்களுடையது.
பகல் குன்வால்டிஸுக்கு. இரவு எனக்கு.
ஷிப்ட் மாறும் ஆறு நிமிடத்தில்
சாவி, பதிவேடு,
"காற்று வடக்கே திரும்பிவிட்டது."
ஒன்பது வருடப் பேச்சு அவ்வளவுதான்.

மிச்சத்தை அந்தக் கணினி வழியாகப் பேசினோம்.

கம்பெனி கழித்துக்கட்டாமல் விட்ட பழைய பெட்டி.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
அது சும்மா இருக்கும் நேரத்தை
முகம் தெரியாத ஆராய்ச்சிக்காரர்களுக்குக்
கொடையாகத் தரும் மென்பொருளை
அவன்தான் முதலில் ஏற்றினான்.
அவனுக்குத் துடிக்கும் விண்மீன்கள்.
பிறகு நான் சேர்த்தது மலேரியா.
"இந்தக் குளிரில் கொசுவா?" என்று கேட்டான்.
"உன் விண்மீன் மட்டும் பக்கத்துத் தெருவிலா?" என்றேன்.
(ஒன்பது வருடத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பங்கு ஆளுக்கு நூறு.
ஒரு திங்கள் மாலை வந்து பார்த்தால்
அவனுடையது நூற்றைம்பது.
என்னுடையதை இருநூறாக்கினேன்.
மறுநாள் அவன் முந்நூறு.
இப்படியே ஏறி ஆயிரத்துக்கு ஆயிரத்தில் வந்து நின்றோம்.
நிறுப்பதே பிழைப்பாக இருக்கும் இரண்டு பேருக்கு
அது பழைய நூற்றுக்கு நூறுதான் என்று உறைக்க
ஒரு மாதம் ஆயிற்று.

முறை வைக்கும் நிரல்
உள்ளே ஒரு கடன் கணக்கு எழுதுகிறது.
யாருக்கு நேரம் குறைந்ததோ
அவருக்கு அது கடன்பட்டிருக்கிறது.
கெடு நெருங்கிய வேலை வந்தால் மட்டும்
கணக்கை மூடி ஓரமாக வைத்துவிட்டு
அதையே ஓட்டும்;
பிறகு நினைவாகத் திருப்பித் தரும்.
வங்கியில் இருக்கும் அண்ணியிடம் சொன்னேன்.
"வட்டி?" என்றாள்.

வட்டு நாற்பது ஜிகாபைட்.
பெரும்பகுதி எடைச்சீட்டுப் படங்கள்.
எங்கள் இருவருக்குமாகப் பத்து.
இரண்டு எப்போதும் காலியாக இருக்கவேண்டும்,
இல்லையென்றால் பெட்டி மூச்சுத் திணறும்.
வெறும் லாரியையும் ஒருமுறை ஏற்றி நிறுக்கிறோமே,
அதுபோல என்று வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட். அறுவடை.
டிராம் பாதைவரை லாரிகள்.
செவ்வாய் இரவு சீட்டுப் படங்கள் கரையை உடைத்தன.
சிவப்பு எழுத்தில்:
இடம் போதவில்லை, இன்னும் 1.3 ஜிகாபைட் தேவை.
என் மலேரியா தொண்ணூற்றொன்றில் நின்றுவிட்டது.
கெடு வியாழன்.
கைவைக்க நேரமில்லை; ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள்.

புதன் மாலை
அவன் விண்மீன்களைக் கலைத்துவிடும் முடிவோடு
இரும்புப் படி ஏறினேன்.
ஏற்கெனவே கலைந்திருந்தன.
மூன்று வேலைகள், மூன்றுக்கும் எதிரே
"பயனரால் கைவிடப்பட்டது."
அதில் ஒன்று தொண்ணூற்றாறு வரை வந்திருந்தது.
மலேரியா ஓடிக்கொண்டிருந்தது.
அவன் கோட்டை மாட்டிக்கொண்டே
"காற்று தெற்கே" என்றான்.

அக்டோபரில் அயர்லாந்து போய்விட்டான்,
ஒரு காளான் பண்ணைக்கு.
ஷிப்ட் தாளில் பெயர் மாறியிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
புது வேலை வேண்டாம் என்ற கட்டத்தை
அவன் அழுத்திவிட்டுப் போகவில்லை.
விண்மீன்கள் வந்துகொண்டே இருக்கின்றன.
நானும் அழுத்தவில்லை.

அவன் இருந்தபோது இறங்கிய கடைசி வேலை
முடிந்து, போய்ச் சேர்ந்து,
இன்னும் "காத்திருப்பு" என்றே காட்டுகிறது.
ஒரே கணக்கை
ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெட்டிகளுக்குத் தருவார்கள்.
இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் செல்லும்.
மற்றது எந்த ஊரில்,
யார் மேசைக்கடியில்,
அணைத்துவைத்துவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார்களோ.
இன்றோடு முப்பத்திரண்டு நாள்.

பகலுக்கு வந்திருக்கும் வெல்கா
திரையைச் சுட்டிக் கேட்டாள்:
"இந்த ஆயிரம் யாருடையது? எடுத்துவிடட்டுமா?"
வெளியே ஒரு லாரி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது,
எண்கள் நடுங்கி நிற்கப் பார்த்தன.
சாவியைக் கொடுத்தேன்.
பதிவேட்டைக் கொடுத்தேன்.
"காற்று வடக்கே திரும்பிவிட்டது" என்றேன்.